அம்பு எட்டாத காடு

நியூ ஜெர்சியில் ஓராண்டு வேட்டையில் விழுகிற மான்களில் பாதிக்கும் மேல் அம்பில்தான் விழுகின்றன. நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். துப்பாக்கிக்குப் பேர்போன நாட்டில் வில்லா என்கிறார்கள். ஆனால் அமெரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலம் இது. மான் வேட்டைக்குச் சாதாரண ரைஃபிள் இங்கே கூடாது. அதன் குண்டு வெகுதூரம் போகும். வழியில் யார் வீட்டுச் சமையலறை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஷாட்கன், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி, வில், இவ்வளவுதான். இந்த மூன்றில் வில்லுக்குத்தான் பருவம் நீளம். செப்டம்பரில் ஆரம்பித்து, சில மண்டலங்களில் பிப்ரவரி நடுப்பகுதி வரை இழுக்கும்.

நான் வேட்டைக்காரன் இல்லை. மாநிலத்தின் நடுப்பகுதியில், ஒரு காட்டுத் துண்டை ஒட்டிய குடியிருப்பில் இருப்பவன். நட்ட செடியெல்லாம் மானுக்குப் போனதால் இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர், சிறு வயதிலிருந்தே வில்வேட்டை ஆடுபவர், அந்த ஆர்வத்தை வளர்த்துவிட்டார். அவர் பேசுவதைக் கேட்பது ஒருபக்கம், வனவிலங்குத் துறைகளின் கணக்குகளையும் ஆய்வுகளையும் படிப்பது இன்னொரு பக்கம் என்று போய்க்கொண்டிருக்கிறது.

ஊரில் இருப்பவர்கள் கேட்பது: வருஷாவருஷம் இப்படிக் கொன்றால் மானே இல்லாமல் போய்விடாதா? இங்கே இருக்கும் நம்மவர்கள் கேட்பது: இந்தக் காலத்தில் வில்லை வைத்துக்கொண்டு என்ன கிழிக்க முடியும்? இரண்டு கேள்வியும் ஆயுதத்தையே பார்க்கின்றன. எனக்குப் பட்டவரை எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வேறு இரண்டு: எய்யப்படுவது ஆண் மானா பெண் மானா, எய்பவரை எந்த நிலத்துக்குள் விடுகிறோம். வில்லின் பெருமை, சிறுமை இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் அழிவுக் கேள்வியை முடித்துவிடுகிறேன். வெண்வால் மான் ஒரு காலத்தில் உண்மையிலேயே அழியப் பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் கறிக்கும் தோலுக்கும் சந்தைக்காக, கணக்கு வழக்கில்லாமல் சுட்டார்கள். 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் மிஞ்சியவை 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நியூ ஜெர்சியில் கிட்டத்தட்ட இல்லை என்ற நிலை. அந்த ஆண்டுதான் லேசி சட்டம் வந்தது. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பது குற்றமானது. அடுத்தடுத்து மாநிலங்கள் பருவம் வகுத்தன, உரிமம் கொண்டுவந்தன, பெண் மானைச் சுடக் கூடாது என்றன, மற்ற மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டன. இன்று நாட்டில் சுமார் 3 கோடி வெண்வால் மான்கள். அம்பு இவற்றை அழிக்கும் என்ற கவலையை விட்டுவிடலாம்.

கவலை இப்போது மறுபக்கம் இருக்கிறது. ஓநாயும் மலைச்சிங்கமும் கிழக்கே இல்லாமல் போய்த் தலைமுறைகள் ஆகின்றன. காட்டை வெட்டி வெட்டி நாம் உண்டாக்கிய ஓரங்கள், புல்வெளி, தோட்டம் எல்லாம் மானுக்கு விருந்து. காடு தழைக்கச் சதுர மைலுக்கு 10 முதல் 20 மான் வரை தாங்கும் என்பது காட்டியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. நியூ ஜெர்சியில் பல இடங்களில் அதைப் போல் பல மடங்கு. எங்கள் பின்புறக் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் புரியும். மேலே பெரிய ஓக் மரங்கள் நிற்கும். கீழே மனித இடுப்பு உயரம் வரை ஒன்றுமே இருக்காது, மான் தொடாத ஜப்பானிய பார்பெரி முட்புதரையும் ஸ்டில்ட் புல்லையும் தவிர. ஓக் கன்று முளைத்த வருஷமே போய்விடும். தரையை ஒட்டிக் கூடு கட்டும் பறவைகளுக்கு மறைவு இல்லை. பெரிய மரம் ஒன்று சாய்ந்தால் அதன் இடத்துக்கு வர வாரிசு கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்.

உண்ணி கடித்து வரும் லைம் நோயையும் மானின் கணக்கில் எழுதுவார்கள். அது பாதி உண்மை. உண்ணிக்கு அந்தக் கிருமியைக் கொடுப்பதில் பெரும்பங்கு வெள்ளைக்கால் எலி போன்ற சிறு பிராணிகளுக்கு. மான் கிருமியைப் பரப்புவதில்லை. வளர்ந்த உண்ணிகளுக்குச் சாப்பாடு போட்டு, முட்டையிடும் அளவுக்குத் தேற்றி அனுப்புகிறது. மான் கொஞ்சம் குறைந்தால் நோயும் அதே அளவு குறையும் என்று வாக்குறுதி கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, வில்லுக்கு வருவோம். துப்பாக்கி வந்த பிறகு கைவிடப்பட்ட ஆயுதம் எப்படி மறுபடி வேட்டைக்குள் நுழைந்தது என்பது தனிக் கதை. 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே ஒரு பூர்வகுடி மனிதர் பசியோடு தனியாக வந்து நின்றார். யாஹி இனத்தில் மிஞ்சிய கடைசி ஆள். தன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லாததால், அவர் மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற பெயரை மானிடவியலாளர்கள் வைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த அவரிடம், பக்கத்து மருத்துவமனையின் டாக்டர் சாக்ஸ்டன் போப் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷி 1916இல் காசநோயில் இறந்தார். போப்பும் அவர் நண்பர் ஆர்தர் யங்கும் அதன்பின் கரடி வரை வில்லால் வேட்டையாடிக் காட்டினார்கள். ஓர் இனத்தையே அழித்துவிட்டு அதன் கடைசி மனிதரிடம் கற்ற கலை, இன்று கோடிக்கணக்கான டாலர் வியாபாரம். 1961இல் தொடங்கிய வில்வேட்டைச் சங்கத்துக்குப் போப், யங் இருவரின் பெயரும் இருக்கிறது. இஷியின் பெயர் இல்லை.

அடுத்த முக்கியமான இடம் விஸ்கான்சின். 1934இல் அங்கே சாக், கொலம்பியா என்ற இரண்டு மாவட்டங்களில் வில்லுக்கென்றே தனி மான் பருவம் விட்டார்கள். வனவிலங்கு மேலாண்மையை ஒரு துறையாக வளர்த்த ஆல்டோ லியோபோல்டு அந்த மாநிலத்தில்தான் பேராசிரியர். அவரே வில் செதுக்கி வேட்டைக்குப் போனவர். அவர் மனைவி எஸ்டெல்லா மாநில அளவில் பரிசு வாங்கிய வில்லாளி. அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு வில் ஒரு தொந்தரவில்லாத விருந்தாளி. ஆள் நிறைய வருவார்கள், உரிமப் பணம் கட்டுவார்கள், மான் பெரிதாகக் குறையாது. மான் இன்னும் பெருக வேண்டியிருந்த காலத்தில் அது வசதியாகவே இருந்தது.

பிறகு 1960களில் மிசூரிக்காரர் ஹோலஸ் ஆலன் வில்லின் நுனிகளில் கப்பிகளை மாட்டினார். காம்பவுண்ட் வில். 1969இல் காப்புரிமை கிடைத்தது. 60 பவுண்டு இழுவிசை உள்ள வில்லை முழுக்க இழுத்தபின் கப்பி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். கையில் தங்குவது 10, 15 பவுண்டுதான். கை நடுங்காமல் மான் திரும்பும்வரை காத்திருக்கலாம். சாதாரண ஆட்களும் ஒரு கோடைக்காலப் பயிற்சியில் களத்தில் இறங்க முடிந்தது. வில்வேட்டை பெருங்கூட்டத்தின் பொழுதுபோக்கானது இதன் பிறகுதான்.

அம்பு கொல்லும் விதம் குண்டிலிருந்து வேறு. குண்டு அதிர்ச்சியால் சதையைச் சிதைக்கும். அம்பின் முனையில் சவரக்கத்தி மாதிரி இரண்டு, மூன்று அலகுகள். நுரையீரலையோ இதயத்தையோ அறுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட வேண்டும். ரத்தப்போக்கில் மான் சில விநாடிகளில் விழும். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பு வரிசையாகத் துளைத்துப் போனதாக வல்வில் ஓரியைப் பாடினாரே வன்பரணர், அதில் உயர்வு நவிற்சி எவ்வளவோ இருக்கட்டும். அம்பு நின்றுவிடாமல் ஊடுருவிப் போவதுதான் நல்ல எய்தல் என்பதை இன்றைய வில்வேட்டைக்காரர் யாரும் மறுக்க மாட்டார்.

எய்யும் தூரம் பெரும்பாலும் 20, 30 கஜம். ஏன் அவ்வளவு கிட்டே என்றால், அம்பின் வேகம் விநாடிக்கு 300 அடி, ஒலியின் வேகம் 1,100 அடிக்கும் மேல். 30 கஜத்தில் அம்பு போய்ச் சேர விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாண் அதிரும் சத்தம் அதற்கு முன்பே மானின் காதுக்குப் போய்விடும். ஓட எத்தனிக்கும் மான் முதலில் உடலைத் தாழ்த்தும். நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுக்குப் போகும். தூரம் கூடக்கூட இந்தப் பிழை பெருகும். பிளம்பர் இதைச் சொல்லிவிட்டு, 60 கஜத்தில் எய்தேன் என்று வீடியோ போடும் இளைஞர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாது.

அடிபட்டுத் தப்பிப்போகும் மான்களைப் பற்றிப் பேசாமல் வில்வேட்டையைப் பற்றிப் பேசுவது நேர்மை இல்லை. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் பல ஆண்டுக் கணக்கு எடுத்தார்கள். நவீன வில்லாலும், துப்பாக்கி போல் விசையைத் தட்டி எய்யும் குறுக்குவில்லாலும் அடிபட்ட மான்களில் கிடைக்காமல் போனவை சுமார் 18 விழுக்காடு. அங்கே எல்லா வில்லாளிகளும் தேர்வு வைத்துச் சேர்க்கப்பட்டவர்கள். ஓக்லஹோமாவின் மெக்காலெஸ்டர் ராணுவக் கிடங்கில் கப்பியில்லாத பழைய வில்லுக்கு மட்டுமே அனுமதி. அங்கே ரேடியோ பட்டை மாட்டிய மான்களைத் தொடர்ந்து பார்த்ததில் அடிபட்டவற்றில் பாதி கிடைக்கவில்லை. அப்படித் தப்பியவை எல்லாம் சாவதில்லை, பல தேறிவிடுகின்றன. ஆனாலும் எனக்கு இது நெருடுகிறது. எண்ணிக்கைக் கணக்கில் இது சிறு திருத்தம்தான், அறிவிக்கப்பட்ட சாவுகளோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஒரு மானின் வலி அந்தத் திருத்தத்துக்குள் அடங்காது. காரில் அடிபட்டு இடுப்பொடிந்து சாலையோரம் கிடக்கும் மானையும், மார்ச் மாதம் பட்டினியில் மெலிந்து சாகும் மானையும் பார்த்த பிறகு, வலியே இல்லாத வழி ஏதோ இருப்பது போலப் பேசவும் என்னால் முடியவில்லை.

இனி முக்கியமான கணக்கு. நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் வளர்ந்த பெண் மான் வருஷத்துக்கு இரண்டு குட்டி போடும். அந்த வருஷம் பிறந்த பெண் குட்டியில் சில, ஒரு வயது நிறையும் முன்பே சினையாகும். ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். ஆகவே 10 ஆண் மானைக் கொன்றாலும் அடுத்த வருஷக் குட்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கூட்டத்தைப் பெருகாமல் நிறுத்தி வைக்கவே, வருஷத்துக்குப் பெண் மான்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போக வேண்டும் என்பது மேலாளர்களின் பொதுக்கணக்கு. குறைக்க வேண்டுமானால் அதற்கும் மேல்.

வில்வேட்டைக்காரரின் மனமோ கொம்பில் இருக்கிறது. கொம்பின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் அளந்து கூட்டி, வெண்வால் மானுக்கு 125 வந்தால் போப், யங் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் ஏறும். அதற்காக ஒரு பருவம் முழுக்க, தன் பரணுக்குக் கீழே வரும் பெண் மான்களை எல்லாம் போகவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நவம்பரில் ஆண் மான்கள் இணை தேடி அலையும்போது வில் பருவம் திறந்திருப்பதும் இந்த ஆசைக்குத் தோதாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பனியில் மரத்தில் மணிக்கணக்கில் உட்காருகிறவர் சம்பளத்துக்கா உட்காருகிறார்? ஆனால் அந்த வேட்டையால் காட்டுக்கு எந்த நன்மையும் இல்லை.

இதற்கு விஸ்கான்சின் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. 1996இல் சில பகுதிகளில் ஒரு விதி: முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைக் கொன்று காட்டினால்தான் ஆண் மானைத் தொடலாம். ஏர்ன் எ பக், அதாவது ஆண் மானைச் சம்பாதித்துக்கொள், என்று பெயர். பெண் மான் சாவு நன்றாக ஏறியது. அதிகாரிகள் கையில் இருந்ததிலேயே பலமான கருவி அதுதான். வேட்டைக்காரர்கள் மனதார வெறுத்தார்கள். வாழ்நாளில் ஒருமுறை வரும் பெரிய கொம்பன் கண்ணெதிரே போகிறது, கையில் அனுமதி இல்லை என்றால் யாருக்கும் எரியத்தான் செய்யும். அரசியலாகி, 2011இல் சட்டம் போட்டே அந்த விதியை நீக்கினார்கள். இதே மாநிலத்தில்தான் 1943இல் கொம்பில்லாத மான்களையும் சுடவிட வேண்டும் என்று லியோபோல்டு வாதாடிக் கடும் எதிர்ப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார். நியூ ஜெர்சியிலும் இந்த விதி சில மண்டலங்களில் இலையுதிர்கால வில் பருவத்துக்கு இருந்திருக்கிறது. எங்கள் பிளம்பருக்கு அதில் வருத்தமே இல்லை. பெண் மான் கறிதான் மென்மை என்பது அவர் கட்சி.

நியூ ஜெர்சியில் 2010இல் நடந்த மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள் அம்பு ஏற்றிய வில்லோடு வேட்டையாட முடியாது, வீட்டுக்காரர் சம்மதித்தால் தவிர. துப்பாக்கிக்கு இன்றும் அதே 450. வில்லுக்கு மட்டும் அதை 150 அடியாகக் குறைத்தார்கள். அந்த இடைப்பட்ட தூரத்தில் உயரத்தில் இருந்து, அதாவது மரப்பரணில் இருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும். தவறினால் அம்பு மண்ணில் குத்தி நிற்கும். தினைப்புனத்தில் பரண் போட்டுக் கிளி ஓட்டிய கதை நமக்குத் தெரியும், இங்கே அதே மாதிரிப் பரணை அலுமினியத்தில் செய்து கடையில் விற்கிறார்கள்.

450 அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் ஏறக்குறைய 14, 15 ஏக்கர் வரும். 150 அடி என்றால் ஒன்றரை ஏக்கரைச் சற்றுத் தாண்டும். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் அத்தனை நிலம் விடுபட்டது. வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காட்டுத் துண்டுகளுக்குள், மான்கள் பகலில் ஒளிந்திருக்கும் இடத்துக்குள், வில்லோடு நுழைய முடிந்தது. மேலாண்மைக் கருவியாக வில்லின் மதிப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பேன். ஒரு நாளில் எத்தனை மான் என்று கேட்டால் துப்பாக்கியின் பக்கத்தில் வில் நிற்க முடியாது. துப்பாக்கி போக முடியாத இடத்தில் சத்தமில்லாமல் போக முடிவதால், புறநகரில் அதற்குப் போட்டி இல்லை.

பெண் மான்களின் குடும்ப வழக்கமும் இதற்குச் சேர்ந்துகொள்கிறது. ஆண் குட்டிகள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போகும். பெண் குட்டிகள் தாய் திரியும் இடத்தை ஒட்டியே தங்கிவிடும். நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் ஆராய்ந்த வில்லியம் போர்ட்டர் குழு, தாயைச் சுற்றி மகள்களும் பேத்திகளும் ரோஜா இதழ்கள் போல் அடுக்கடுக்காக இடம்பிடிக்கின்றன என்றது. அப்படியானால் ஓர் இடத்தின் பெண் மான் குடும்பத்தை எடுத்துவிட்டால் அங்கே சில காலம் மான் குறைவாகவே இருக்கும். மான் நெருக்கம் மிகுந்த புறநகரில் காலி இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. எதிர்ப்பக்கமாகவும் இது வேலை செய்யும்: வேட்டைக்கு மூடிய 50 ஏக்கர் ஒன்று நடுவில் இருந்தால் போதும், ஒரு குடும்பம் அதற்குள்ளேயே பகலைக் கழித்துவிட்டு இரவில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மேய்ந்துகொள்ளும். வேட்டைக்கு அனுமதித்த நிலத்தில் பரணில் இருப்பவர் அணிலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேறு வழியே இல்லையா என்பார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் முயன்று பார்த்தது. நியூயார்க்கின் இத்தாகாவில், வளாகத்தைச் சுற்றிய நிலங்களில் வேட்டைக்கு விட்டு, வளாகத்துக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட பெண் மான்களைப் பிடித்துக் கருக்குழாயைக் கட்டினார்கள். ஒரு மானுக்குச் சுமார் 1,200 டாலர் செலவு. குட்டிகள் குறைந்தன, மொத்த எண்ணிக்கை குறையவில்லை. சூலகம் அப்படியே இருந்ததால் சினைப்படாத பெண் மான்கள் மாதாமாதம் பருவத்துக்கு வந்தன. வாசனை பிடித்து ஆண் மான்கள் வெளியிலிருந்து வந்து குவிந்தன. கடைசியில் அங்கேயும் சிறப்பு அனுமதியோடு வில்லாளிகளைத் தீனி போட்ட இடங்களில் உட்காரவைத்து, மானைக் குறைக்க வேண்டியதாயிற்று.

நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் ஊர் வேறு வழியில் போனது. 2001இலிருந்து தொழில்முறைச் சுடுநர்களைக் கூலிக்கு அமர்த்தியது. இரவில், தீனி வைத்து, சத்தம் குறைத்த துப்பாக்கியால் சுட்டார்கள். வேகமாகக் குறைந்தது. வழக்கு, ஊர்வலம், மேயர் காரின்மேல் மான் குடலை வீசியது என்று ஊரே இரண்டுபட்டது. பணமும் வருஷாவருஷம் வேண்டும். இப்படிக் கூலிப்படை ஒருமுறை நன்றாகக் குறைத்துக் கொடுத்தால், அந்த நிலையில் பிடித்து வைக்கும் வேலையை வில்லாளிகள் செலவில்லாமல் செய்வார்கள் என்பது எனக்கு நியாயமாகப் படும் ஏற்பாடு. 100 மான் இருக்கும் இடத்தை வில்லாளிகளே 15க்குக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். முதல் சில வாரங்களில் அகப்படுவது அகப்பட்டபின் மிச்ச மான்கள் உஷாராகிவிடும், பரண் இருக்கும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் கிழக்கே, மான் மிஞ்சிய ஊர்களின் நியாயம். மேற்கே மலைகளுக்குப் போனால் இதே வில் தலைகீழாக வேலை செய்கிறது. எல்க் என்பது மானினத்தில் ஒரு பெரிய வகை, ஆண் 300 கிலோவுக்கும் மேல் வரும். செப்டம்பரில் அவை இணைசேரும் காலம். ஆண் எல்க் ஊதல்போல் கூவும். அதே மாதம் வில் பருவம். வேட்டைக்காரர்கள் அதேபோல் ஊதிக் கிட்டே வரவழைக்கிறார்கள். கொலராடோவில் வெளிமாநில வில்லாளிகளுக்கு, குலுக்கல் எதுவும் இல்லாமல் கடையில் போய் உரிமம் வாங்கிக்கொள்ளும் வசதி பல காலம் இருந்தது. பொதுநிலங்களில் கூட்டம் அம்மியது. அவர்களில் எல்க்கைக் கொன்றவர் பத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். ஆனால் கொல்லாத ஒன்பது பேரும் காடெல்லாம் நடந்து, ஊதி, விரட்டியிருப்பார்கள். எல்க் புத்திசாலி, வேட்டைக்கு விடாத தனியார் பண்ணைகளுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அக்டோபரில் துப்பாக்கிப் பருவம் திறக்கும்போது பொதுநிலத்தில் பெண் எல்க் கிடைக்காது. பண்ணைக்காரரின் வைக்கோலும் போகும், துறையின் கணக்கும் பிசகும். அந்த மாநிலம் 2025இலிருந்து தன் மேற்குப் பகுதியில் வெளிமாநில வில்லாளிகளுக்கும் உரிமத்தைக் குலுக்கலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. சாவு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வில் அங்கே நிரபராதி. இடம்பெயர்த்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

நோயையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மானின் மூளையைத் தின்னும், உருக்குலைந்த புரதத்தால் வரும் சிடபிள்யூடி என்ற பிரையான் நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கண்ணில் பட்டது, 2002இல் விஸ்கான்சினில் தெரியவந்தது. மருந்து இல்லை, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். வயது முதிர்ந்த ஆண் மான்களுக்கு அதிகம் பிடிக்கிறது. தென்மேற்கு விஸ்கான்சினில் சில இடங்களில் அவற்றில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நோயோடு திரிகின்றன. இளம் ஆணை விட்டுவிடு, கொம்பு பெருக்கட்டும் என்ற நல்ல வில்வேட்டைப் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் நோய்க்குத்தான் உதவுகிறது. தீனி போட்டு மான்களை ஓரிடத்தில் மூக்கோடு மூக்கு வைக்கச் செய்வதும் அப்படியே. நியூ ஜெர்சியில் தீனி போட அனுமதி உண்டு. இங்கே நோய் வந்தால் அதை நிறுத்துவார்களா, அல்லது பெண் மான் சாவு குறைந்துவிடும் என்று விட்டுவைப்பார்களா என்பது நான் கவனித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் நாட்டு ஏற்பாட்டுக்கு இது நேர்எதிர். 1937இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் ஒரு வரி, மாநிலங்களின் பரப்பையும் அங்கே உரிமம் எடுத்தவர்களின் எண்ணிக்கையையும் வைத்து வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வில்லுக்கும் அம்புக்கும் அதை நீட்டிக்கும் சட்டம் 1972இல் நிறைவேறியது. வில்லுக்கு 11 விழுக்காடு. இந்தியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டு வேட்டைக்குக் கடிவாளம் போட்டதும் அதே 1972. இரண்டு நாடுகளும் அவரவர் நிலைமைக்குச் சரியானதையே செய்தன என்றுதான் நினைக்கிறேன். இங்கே அதற்கு ஒரு விலை இருக்கிறது: வேட்டைக்காரர் குறைந்தால் துறையின் பணப்பையும் சுருங்கும். 1991இல் 1 கோடியே 40 லட்சம் பேர் வேட்டையாடினார்கள், 2016இல் 1 கோடியே 15 லட்சம். அதனால்தான் பருவத்தை நீட்டுகிறார்கள், குறுக்குவில்லை அனுமதிக்கிறார்கள். நியூ ஜெர்சி 2009இல் அதை ஏற்றது, விஸ்கான்சின் 2014இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. தோள் வலியால் வில்லை இழுக்க முடியாத 70 வயதுக்காரர் குறுக்குவில்லோடு பரண் ஏறுகிறார். இது வில்வேட்டையே இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் மேல் எனக்கு அனுதாபம் குறைவு. காட்டைப் பொறுத்தவரை பெண் மானை எய்பவர் எதை வைத்து எய்தால் என்ன?

எங்கள் பக்கம் இப்போதைய சிக்கல் நிலம்தான், அதில் நம்மவர்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்தப் பகுதியின் புதிய குடியிருப்புகளில் பாதி வீடுகளில் இந்தியர்கள். பொதுவில் வைத்திருக்கும் காட்டுத் துண்டுக்கு வீட்டுக்காரர் சங்கம்தான் சொந்தக்காரர். அங்கே வில்லாளிகளை விடலாமா என்று கேட்டால் நம்மவர்கள் கை தூக்குவதில்லை. பயம் ஒரு காரணம், பாவம் என்ற எண்ணம் இன்னொரு காரணம்; இரண்டையும் நான் கேலி செய்யமாட்டேன், என் வீட்டிலேயே இரண்டும் உண்டு. போன இலையுதிர்காலத்தில் எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. பெண் மான்கள் மட்டும், தேர்வு எழுதிய வில்லாளிகள் மட்டும், வார நாட்களில் மட்டும் என்று ஒரு கோரிக்கை. மாடு, ஆடு எல்லாம் சாப்பிடுகிற ஒருவர் மான் மட்டும் வேண்டாம் என்றார். கருத்தடை ஊசி போடலாமே என்றார் ஓர் அக்கா. கார்னெல் கதையைச் சொன்னேன். செலவு எவ்வளவு ஆகும் என்று பொருளாளர் கேட்டார், சொன்னதும் கருத்தடைப் பேச்சு அத்தோடு நின்றது. வேட்டைக்கான ஓட்டெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குள் வேலி போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், என்னைத்தான்.